கரைக்காவலுக்கு அறுபத்திரண்டு

ஸ்ரீஹரி ஆபீஸுக்குப் போய்விட்டான் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், சாத்தியிருந்த அவன் அறைக்குள் அவனுடைய போன் அடிக்கிற வரைக்கும்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். குளிக்கப் போனால்கூட சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொள்கிற ஆள் அவள் அண்ணன். அதை வீட்டில் விட்டுவிட்டு மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் போகிறவன் இல்லை.

கதவைத் தள்ளினாள். அறை காலியாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. கையில் எடுப்பதற்குள் நின்றுபோனது. திரையில் ஆசிஃபின் பெயரும், அதற்குக் கீழே வரிசையாகச் செய்திகளும் தெரிந்தன. போன் பூட்டியிருந்தாலும் ஒவ்வொன்றிலும் முதல் வரியைப் படிக்க முடிந்தது.

ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியவை. ஐந்து வருடம் என்னத்தைக் கிழித்தீர்கள் என்றது ஒன்று. இதற்கு மேல் நீ உயிரோடு எதற்கு இருக்கிறாய் என்றது இன்னொன்று. அதே கேள்வியை இன்னும் கேவலமாக ஒருவன் கேட்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலும் இரண்டு வந்து விழுந்தன.

கீர்த்தி போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

இந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். காரணம் ஒரு வீடியோ கேம். ‘கரைக்காவல்’ என்று பெயர். கடலோர நகரம் ஒன்றைக் காக்கிற நான்கு சூப்பர் ஹீரோக்களின் கதை. நான்கு பேர் நான்கு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் ஒன்றுசேர்ந்து ஆட வேண்டும். அடையாற்றில் ஒரு சின்ன நிறுவனம் ஐந்து வருடமாக அதை உருவாக்கியது. அதில் வருகிற சண்டைகளையெல்லாம் வடிவமைத்தவன் ஸ்ரீஹரி.

கீர்த்திக்கு வேலையே வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவதுதான். சொந்த அண்ணன் செய்ததற்குத் தான் எழுதுவது முறையில்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் அவன் ஆசையாக முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்ததை ஆடிப்பார்த்து, மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னாள். முதல் நாலு மணி நேரம் பிரமாதம், அதற்குப் பிறகு ஒரே குடோனுக்குள் போய் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். அன்றிலிருந்து சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்றால்கூட அம்மா வழியாகத்தான்.

இன்றைக்குப் பகலில்தான் உலகம் முழுக்க விமர்சனங்கள் வெளியாயின. போன் அடித்தபோது கீர்த்தி அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது பம்பாய்க்காரர் ஒருவர் எழுதியது. பத்துக்கு எட்டு. நால்வரில் ஒருத்தியான ‘அலை’ என்கிற மீனவப் பெண்ணைப் போல் ஒரு சூப்பர் ஹீரோவைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். கீர்த்திக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு இறக்கம்தான். லண்டன் பத்திரிகை ஆறு கொடுத்தது. சண்டை போடும்போது நிறுத்த மனம் வரவில்லை, கதை முடிந்த பிறகோ இவர்களுக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்றது. அமெரிக்கத் தளம் ஒன்று ஐந்து கொடுத்தது. கூட ஆட ஆள் கிடைக்காமல் காத்திருந்தே பாதிப் பொழுது போய்விட்டது, தனியாக ஆடினால் கூட வருகிற மூன்று ஹீரோக்களும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதி, அதற்கு வீடியோவும் போட்டிருந்தது. தமிழில் பேசுகிற கோயம்புத்தூர்க்காரர் மார்க்கே போடவில்லை. புது உடுப்புக்குத் தனிக் காசு, புது நிறத்துக்குத் தனிக் காசு, நம்ம ஊர் ஆட்களா இதைச் செய்தது என்று வருத்தப்பட்டு முடித்துக்கொண்டார். குடோனைச் சொல்லாதவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

விமர்சனங்களையெல்லாம் சேர்த்துச் சராசரி காட்டுகிற தளம் ஒன்று உண்டு. அங்கே பச்சையில் ஆரம்பித்த எண் மஞ்சளாக மாறி, இறங்கி இறங்கி அறுபத்திரண்டில் வந்து நின்றது. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் இரண்டாம் பாகம் கிடையாது என்று வெளிநாட்டு வெளியீட்டாளர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இரண்டாம் பாகம் இல்லையென்றால் அடையாற்று ஆபீஸும் இல்லை.

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த புஷ்பத்துக்கு மட்டும் இதிலெல்லாம் கவலை இல்லை. “அறுபத்திரண்டுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே?” என்று மகளைக் கேட்டாள். கீர்த்தி பதில் சொல்லுமுன் தி.நகரில் பாத்திரக்கடையில் இருந்த கணவர் அய்யாதுரைக்குப் போன் போட்டு, மகன் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றும் சொல்லிவிட்டாள். அவர் கடை ஆட்களுக்கு ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அறைக்குள் போன் அடித்தது.

மூன்றாவது முறை அடித்ததும் கீர்த்தி எடுத்தாள். ஆசிஃப், அவள் அண்ணனோடு வேலை பார்ப்பவன், கேமின் சர்வர்களைக் கவனிப்பவன். இந்த வீட்டுக்கு வந்து போகிற ஒரே சிநேகிதன். காலையிலிருந்து ஸ்ரீஹரி ஆபீஸுக்கு வரவில்லை என்றும், எல்லோரும் அவனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

நேற்று ஏதாவது சொன்னானா என்று கீர்த்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

ஆசிஃப் தயங்கினான். “கிளம்பும்போது ஒண்ணு சொன்னான். எல்லாம் முடிஞ்சா நிம்மதியா இருக்கும்டான்னான். ரிலீஸைத்தான் சொல்றான்னு நினைச்சேன்.”

கீர்த்தி அம்மாவிடம், அண்ணன் போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறான், கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். அவன் போனைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அம்மா கண்ணில் அந்தத் திரை பட்டுவிடக் கூடாது.

ஆட்டோ அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே தண்ணீரைப் பார்த்தாள். உடனே முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபீஸ் வாசலில் காத்திருந்த ஆசிஃப், சுற்றித் தேட வேண்டிய இடமெல்லாம் தேடிவிட்டான். மிச்சமிருந்தது ஊரூர் ஒல்காட் குப்பம். மனசு சரியில்லை என்றால் ஸ்ரீஹரி அங்கேதான் போவான். கடற்கரையில் மீன் வறுத்துக் கொடுக்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ‘அலை’ என்கிற பெண்ணை அவன் கற்பனை செய்ததே அங்கே வைத்துத்தான்.

இரண்டு பேரும் குப்பத்துச் சந்து வழியாக நடந்தார்கள். வலைக்குவியலை ஒட்டி ஸ்ரீஹரியின் ஸ்கூட்டர் நின்றது. ஸ்டாண்டுகூட சரியாகப் போடாமல் ஒரு படகின்மேல் சாய்ந்து நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது.

ஆசிஃப் சாவியைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கீர்த்தி கேட்டாள்.

“கண்ணாடி போட்டுக்கினு உயரமா கீமே, அந்த நைனாவா?” என்றாள் அவள். “காத்தாலயே வந்துச்சு. வண்டிய அப்டியே போட்டுட்டு பாலத்தாண்ட ஓடிச்சு. இன்னா நைனான்னு கூப்ட்டேன். திரும்பிக்கூட பாக்கல.”

ஆறு கடலில் சேருகிற இடத்தில் பாதியில் முறிந்து நிற்கிற பழைய பாலம் அது. இந்தப் பக்கத்திலிருந்து நடந்தால் திடீரென்று தரை முடிந்துபோகும், அதற்குமேல் தண்ணீர்தான்.

கீர்த்தி ஓடினாள். வெயிலில் மணல் கொதித்தது. ஒரு செருப்பு மணலில் புதைந்து கழன்று போனதைக்கூட கவனிக்கவில்லை. பின்னால் ஆசிஃப் ஏதோ கத்திக்கொண்டே வந்தான். காற்றில் அது காதில் விழவில்லை.

பாலத்தின் முறிந்த நுனிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது.

கறுப்புச் செருப்பு. அண்ணன் என்ன செருப்பு போடுகிறான்? அவளுக்கு நினைவு வரவில்லை. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் முகத்தையே ஏறெடுத்துப் பார்க்கவில்லை, காலை எங்கே பார்த்தாள்? அப்படியே சிமெண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே ஏதோ அசைந்தது. பாலத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு, தூண்டிலோடு ஒரு நடுத்தர வயதுக்காரர் மேலே ஏறி வந்தார். இவர்களைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு செருப்பில் காலை நுழைத்தார்.

காலையிலிருந்து தான் இங்கேதான் இருப்பதாகவும், பாலத்தின்மேல் இன்றைக்கு யாருமே வரவில்லை என்றும் அவர் சொன்னார். பயப்படாதீங்க தாயி என்று ஒரு தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். கீர்த்தி வாங்கினாள். குடிக்க முடியவில்லை.

அப்போதுதான் ஆசிஃப் தன் போனைப் பார்த்துவிட்டு, “ஒரு நிமிஷம்” என்றான்.

வெளியான முதல் நாள் என்பதால் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று போனிலேயே பார்க்க அவனுக்கு வசதி இருந்தது. கூட்டம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பெயர் மட்டும் தங்க நிறத்தில் மின்னியது. அந்த நிறம் கேமை உருவாக்கிய குழுவுக்கு மட்டும் உரியது.

“ஹரி கணக்கு,” என்றான் ஆசிஃப். “உள்ள இருக்கான். இப்ப ஆடிக்கிட்டிருக்கான்.”

எங்கிருந்து என்று கேட்டாள். அது தெரியாது என்றான். ஆனால் உயிரோடு இருக்கிற யாரோ ஒருவர் அந்தக் கணக்கில் இருப்பது மட்டும் நிச்சயம்.

ஆபீஸ் அங்கிருந்து பக்கம்தான். ஆசிஃபின் பைக்கில் போனார்கள். கண்ணாடி அறைக்குள் மொத்தக் குழுவும் உட்கார்ந்து பெரிய திரையில் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தை நடத்துகிற ஜவஹர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இவர்கள் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

அண்ணனின் நாற்காலியில் கீர்த்தி உட்கார்ந்தாள். ஆசிஃப் அவளுக்காகப் புதுக் கணக்கில் கேமைத் திறந்து கொடுத்தான். ஆட்டத்துக்குள் தான் போனால் ஸ்ரீஹரி ஆபீஸ் விஷயம் என்று இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும், தங்கை போகட்டும் என்று நினைத்தான். அவள் ‘இரும்பன்’ என்கிற ஹீரோவைத் தேர்ந்தெடுத்து, தங்க நிறப் பெயரை அழுத்தினாள்.

திரை இருண்டது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. அதே குடோன்.

உள்ளே அலை தனியாக நின்றுகொண்டிருந்தாள். சுற்றி முகமூடி ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையை உயர்த்தவில்லை. ஆடுகிறவன் அந்தப் பக்கத்தில் எதையும் அழுத்தவில்லை என்று அர்த்தம். கீர்த்தி போய்ச் சேருவதற்குள் அலை சரிந்து விழுந்தாள்.

இந்த ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் ஓடிப்போய் மண்டியிட்டு அவர் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே கொஞ்ச நேரம் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். அப்போதுதான் விழுந்தவர் எழுவார். மட்டமாக எழுதியவர்கள்கூட அதை மட்டும் பாராட்டியிருந்தார்கள். கீர்த்தி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல் நழுவி இரண்டு தரம் விட்டுப்போனது. மூன்றாம் தரம் அலை எழுந்தாள்.

ஹெட்ஃபோனில் கரகரவென்று சத்தம். பிறகு ரகசியம் பேசுவது போல ஒரு குரல்.

“யாரு?”

“நான்தாண்ணே. கீர்த்தி.”

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

“கீர்த்தி, அம்மா எங்க?”

“வீட்ல. நீ எங்கண்ணே இருக்க? நாங்க பாலத்துக்குப் போயி, அங்க ஒரு செருப்பு...”

அவள் எதற்குப் பயந்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. “ஐயோ, அதெல்லாம் இல்லம்மா,” என்றான். “அப்படியெல்லாம் நினைக்காத. முதல்ல இதைச் சொல்லு. அம்மா தனியாவா இருக்காங்க?”

ஆமாம் என்றாள். உடனே அம்மாவைக் கூப்பிடு, பேசிக்கொண்டே கூப்பிடு என்றான். அவள் தன் போனில் அம்மாவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மணி அடிக்க அடிக்க, ஸ்ரீஹரி நடந்ததைச் சொன்னான்.

திட்டி எழுதுகிறவர்களை அவன் பொருட்படுத்தியதில்லை. வேறொருவன் இருந்தான். அவன் திட்டவே மாட்டான். ‘சார்’ என்றுதான் ஆரம்பிப்பான். உங்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும் சார், அஞ்சு நிமிஷம் போதும் சார் என்று தினமும் எழுதுவான். ஸ்ரீஹரி பதில் போடவில்லை. ஒரு நாள் ஆபீஸ் வாசலின் படம் வந்தது. அடுத்து மந்தைவெளி வீட்டின் பால்கனி. கொடியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஜவஹரிடம் காட்டினான். போலீஸுக்குப் போனால் செய்தியாகிவிடும், ரிலீஸ் முடியட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்தால் நிம்மதி என்று அவன் ஆசிஃபிடம் சொன்னது இதைத்தான்.

இன்று காலை விழித்ததும் ஒரு படம் வந்திருந்தது. வீட்டு வாசலில் அம்மா போட்ட கோலம். இன்றைக்குப் போட்ட கோலம். மாவின் ஈரம்கூடக் காயவில்லை.

அவன் போனை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினான். எதிர்ச் சாரியில் பைக்கில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இவனைப் பார்த்துக் கையை அசைத்தான், தெரிந்தவனைப் பார்த்து அசைப்பது போல. வீட்டை விட்டு அவனை எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்ற ஒன்றுதான் ஸ்ரீஹரிக்குத் தோன்றியது. ஸ்கூட்டரை எடுத்தான். பைக் பின்னாலேயே வந்தது. குப்பத்துச் சந்தில் வண்டியைப் போட்டுவிட்டுப் பாலத்துப் பக்கம் ஓடி, நடுவில் படகுகளுக்குள் புகுந்து, பெசன்ட் நகருக்குத் திரும்பி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, திருவல்லிக்கேணியில் இறங்கினான். அவன் இன்னும் பின்னால் வருகிறானோ என்ற பயத்தில் வெளியே தலைகாட்டாமல், மேன்ஷன்களுக்கு நடுவில் ஒரு கேமிங் சென்டரில் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

“ஏண்ணே போன் பண்ணலை? யார்கிட்டயாவது வாங்கிப் பண்ணியிருக்கலாம்ல.”

“யார் நம்பரும் எனக்கு மனப்பாடமாத் தெரியாதும்மா. அம்மா நம்பர்கூடத் தெரியலை. மெயிலைத் திறந்தா ஓடிபி என் போனுக்குப் போவுது. இந்தக் கேம் ஒண்ணுக்குத்தான் ஓடிபி வேண்டாம். நம்ம ஆளுங்க யாராவது வருவாங்கன்னு அப்பலேருந்து இந்தக் குடோன்லயே நிக்கிறேன். ஒருத்தரும் வரலை. நம்ம கேமை நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் ஆடலை.”

ஆசிஃப் இதையெல்லாம் பக்கத்தில் நின்று இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, திருவல்லிக்கேணியில் இருக்கிற தன் அக்கா ஜுவேரியாவைக் கூப்பிட்டான். அந்தக் கேமிங் சென்டர் அவள் வீட்டுக்கு அடுத்த தெருதான். பிறகு நேராகக் கண்ணாடி அறைக்குப் போனான். அங்கே அவன் என்ன சொன்னான் என்பது கீர்த்திக்குக் கேட்கவில்லை. ஜவஹர் சுவரை விட்டு நிமிர்ந்ததையும், ஆசிஃப் அவர் முகத்துக்கு முன்னாலேயே போலீஸுக்குப் போன் போட்டு மந்தைவெளி முகவரியைச் சொன்னதையும் பார்த்தாள்.

அம்மா இன்னும் எடுக்கவில்லை. கீர்த்தி அப்பாவைக் கூப்பிட்டு வீட்டுக்குக் கிளம்பச் சொன்னாள். ஏன் என்று அய்யாதுரை கேட்டார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஏதோ சொன்னாள். இந்த நேரத்துப் போக்குவரத்தில் தி.நகரிலிருந்து வந்து சேர நேரமாகும் என்பது இருவருக்குமே தெரியும். அவர் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

மறுபடி அம்மாவின் எண். மணி அடித்தது. அடித்து நின்றது.

திரையில் இரும்பனும் அலையும் குடோனின் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஆசிஃபின் அக்கா வந்து சேருகிற வரைக்கும் இணைப்பை விடாதே என்று அண்ணன் கேட்டிருந்தான். முகமூடி ஆட்கள் வர வர, கீர்த்தி எந்திரம் போல அடித்துக்கொண்டிருந்தாள். மனம் முழுக்க மந்தைவெளியில் இருந்தது.

“மார்க்கெல்லாம் பார்த்தியா?” என்று ஸ்ரீஹரி மெல்லக் கேட்டான்.

“பார்த்தேன்.”

“நீ எழுதியிருந்தா எவ்ளோ போட்டிருப்ப?”

பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. “அறுபத்தஞ்சு,” என்றாள்.

அவன் மூச்சை வெளியே விட்டது சிரிப்பு மாதிரி கேட்டது. “மூணு கூட,” என்றான்.

கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபோனில் ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து கேட்டது. தம்பி, நான் ஆசிஃபோட அக்கா, எந்திரிச்சு வாங்க, வீட்டுல வந்து இருங்க என்றது. நாற்காலி நகர்ந்தது. அலை அசையாமல் நின்றாள். அண்ணன் போய்விட்டான். பத்திரமான இடத்துக்குத்தான் போயிருக்கிறான்.

கீர்த்தி ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வருவதற்குள் அவளுடைய போன் அடித்தது.

அம்மா.

“இத்தனை தரம் கூப்பிட்டிருக்க?” என்றாள் புஷ்பம். “மிக்சி ஓடிட்டிருந்துச்சு, கேக்கலை. அண்ணன்கிட்ட போனைக் குடுத்துட்டியா?”

குடுத்துட்டேன் என்றாள் கீர்த்தி. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணனோட ஃப்ரெண்டு ஒருத்தரு வந்திருக்காரு. சோபாவுல உட்கார வெச்சிருக்கேன். பாவம், வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்காரு போல. காபி குடுத்தேன்.”

புஷ்பம் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு ஆண் தொண்டையைச் செருமுவதும் கேட்டது.

கீர்த்தி பக்கத்தில் வந்து நின்ற ஆசிஃபின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். தான் பேசுவது அந்த ஆளுக்கும் கேட்கும். குரல் நடுங்கக் கூடாது.

“அம்மா, அப்பா கீழ ஆட்டோல இருக்காராம்,” என்றாள், சலித்துக்கொள்வது போல. “கடையிலேருந்து பெரிய அண்டா ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருக்காராம். தனியா இறக்க முடியலையாம். நீ போய் ஒரு கை பிடியேன். போனைக் கையிலேயே வெச்சுக்கோ.”

இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்லை என்று புஷ்பம் முணுமுணுத்தாள். வந்தவரிடம், உட்காருங்க தம்பி, இதோ வந்துட்டேன் என்று சொல்வது கேட்டது. கதவு திறக்கிற சத்தம். படியில் காலடிச் சத்தம்.

“அம்மா, ஸ்பீக்கரை நிறுத்து. காதுல வெச்சுக்கோ. நான் சொல்றதைக் கேட்டுக் கத்தாதே.”

கீர்த்தி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

படியில் காலடி நின்றது. அம்மா மயங்கி விழுந்துவிட்டாளோ என்று கீர்த்தி பயந்தாள். இறங்கி வாசலுக்குப் போம்மா, தெருவுக்குப் போயிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காலடிச் சத்தம் கேட்டது. ஆனால் அது கீழே இறங்கவில்லை. மேலேதான் ஏறியது.

இரும்பு இரும்பில் உரசுகிற ஓசை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியும். வெளியூர் போகும்போது பூட்டுப் போடுவதற்காகக் கதவின் வெளிப்பக்கம் இருக்கிற தாழ்ப்பாள். புஷ்பம் அதை இழுத்துப் போட்டுவிட்டாள்.

அதே மாடியில் எதிர் வீட்டுக் கோதண்டபாணி மாமா கதவைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்பதும், அம்மா அவரை உஷ் என்பதும் கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு போனுக்கு மிக அருகில் வந்தது.

“தாப்பாள் போட்டுட்டேன்,” என்றாள். “உள்ளேருந்து தட்டறான்டி. மெதுவாத்தான் தட்டறான்.”

“நீ அங்க நிக்காதேம்மா. போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. அண்ணனைக் கேட்டான்னா எங்க இருக்கான்னு வாயைத் திறக்காதே.”

“அண்ணனைக் கேக்கலை,” என்றாள் புஷ்பம். “உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுட்டே இருக்கான்.”